நீலம் என்று எழுதிய இருவர்

"பாரதி... எழுந்து நில்லும்மா. அந்தப் புதுப் பையன், நவநீதன், நீயும் எழும்பு."

சாமுவேல் சார் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அதனாலேயே வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டது. வெளியே ஐப்பசி மழை மட்டும் யாருக்கும் பயப்படாமல் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மாடியில் அந்த நீட் பயிற்சி வகுப்பு. கீழே சேலை விலை பேசும் சத்தம். மேலே இயற்பியல், வேதியியல், உயிரியல். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தன.

பாரதி எழுந்தாள். பக்கத்து பெஞ்சில் அவனும் எழுந்தான். முந்தா நாள்தான் சேர்ந்தவன். நேற்று மாதிரித் தேர்வில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. இதுவரை முகத்தைப் பார்த்ததில்லை, இப்போதுதான் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கி நிற்கிறவன் மாதிரி, எந்த அவசரமும் இல்லாத கண்கள்...

"தண்ணீரில் இருக்கிற மூன்று பிளஸ் குரோமியம் அயனி என்ன நிறம்? நேத்து வந்த கேள்வி. அதுக்கு முந்தின நாள்தான் போர்டுல எழுதிப் போட்டேன். ஊதா. இந்த ரூம்ல எல்லாரும் ஊதான்னு எழுதியிருக்காங்க. ரெண்டே ரெண்டு பேர் நீலம்னு எழுதியிருக்காங்க. அந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்காங்க." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் யாரைப் பாத்து எழுதினது மக்கா? உள்ளதைச் சொன்னா ஒருத்தரோட போகும். சொல்லலைன்னா ரெண்டு பேர் வீட்டுலயும் ஆள் வரணும்."

பாரதிக்கு வீட்டு நினைவுதான் வந்தது.

வீட்டில் ஆள் வர வேண்டுமென்றால் அம்மா ஷூ ஃபேக்டரியில் லீவு சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரியவரும். போன வருஷம் பத்தே மார்க்கில் பல் மருத்துவ சீட் கைநழுவிப் போனபோது அப்பா கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார். "இன்னொரு தடவ எழுது பாப்பா. அதோட சரி. அப்புறம் அம்மாகூட ஃபேக்டரி வண்டி ஏறிடு." இது அந்த இன்னொரு தடவை. இதற்கு அடுத்து எதுவும் இல்லை.

'நான் பாக்கல சார்' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான் சார் பாத்து எழுதினேன்."

சொன்னது அவன். ஏதோ, இந்த ஜன்னலை நான்தான் சார் திறந்து வைத்தேன் என்பது போல அவ்வளவு சாதாரணமாக.

சார் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "பையை எடுத்துக்க. அப்பாவோட வந்தா பேசலாம்."

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குடைகூட இல்லை.

பாரதிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அது ஐந்து நிமிஷம்கூடத் தங்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஜோயா முதுகில் பேனாவால் குத்தினாள். வாணியம்பாடிக்காரி. கண்ணில் பட்டது எதுவும் வாயில் தங்காது.

"அடியே... அவன் எப்படிடி உன்னப் பாத்து எழுதியிருப்பான்? நேத்து அவன் கெமிஸ்ட்ரிய மொதல்ல முடிச்சான், மத்ததையும் முடிச்சான், அப்புறம் பெஞ்சுல தல வெச்சுத் தூங்கினான். நான் பாத்துட்டேதான இருந்தேன்! நீ கெமிஸ்ட்ரிய கடைசியில இல்ல எழுதுவ?"

"ஆமா. அதுக்கு?"

"அதுக்கா? அப்போ அவன் உன்னப் பாத்து எழுதல. நீதான் அவனப் பாத்து எழுதியிருக்க! பாவம், பொண்ணாச்சேன்னு பழிய அவன் தூக்கிட்டுப் போயிட்டான். யா அல்லா... இன்னா ஒரு மனசுடி!"

முன் பெஞ்சில் இரண்டு தலைகள் திரும்பின. பாரதியின் காது சூடாகிவிட்டது.

*

வகுப்பு முடிந்து பாரதி இறங்கி வந்தபோது நவநீதன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் டீ கிளாஸ்.

"ஏங்க... ஒரு நிமிஷம்."

திரும்பினான். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். "அடடா, தேங்க்ஸ் எல்லாம் வேணாங்க."

"தேங்க்ஸா? உங்கள யாருங்க காப்பாத்தச் சொன்னது?"

"இன்னாங்க இது..."

"இன்னாங்கவா? நீங்க தூங்கினத ஊரே பாத்திருக்கு. இப்போ கிளாஸ் முழுக்க நான்தான் காப்பி அடிச்சேன்னு பேசுது. நீங்க ஹீரோ. நான் திருடி!"

அவன் கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்போ... நீங்க பாக்கலையா?"

"என்னது?"

"இல்ல, நான் அப்படித்தான் நெனச்சேன். பயத்துல ஒரு கேள்விய எட்டிப் பாத்திருப்பீங்க, பாவம்னு..."

"பாவமா!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. பாரதி குரலைத் தாழ்த்தினாள். கோபம் தாழவில்லை.

"நான் எதுக்குங்க பாக்கணும்? மொதல்ல அது தப்பே இல்ல. குரோமியம் நீலம்தான். புக்குல இன்னா போட்டிருந்தாலும் நீலம்தான். அஞ்சு வயசுலருந்து கண்ணால பாத்துட்டிருக்கேன்."

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. "எங்க பாத்தீங்க?"

"எங்கப்பா வேல செய்ற டேனரில, தோல் பதனிடுற எடத்துல. அவருக்கு சோறு எடுத்துட்டுப் போவேன். டிரம்மத் திறந்தா தோலெல்லாம் நீல நீலமா வந்து விழும். குரோமியம் உப்பு போட்டா நீலமாகும்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

"எந்த ஊரு நீங்க?"

"ஆம்பூர். ஏன்?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான்... சின்னச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் வாணியம்பாடிங்க. எங்கப்பா டாடா ஏஸ் ஓட்டுறாரு. லோடு இன்னா தெரியுமா? வெட் ப்ளூ. பேர்லயே ப்ளூ! சின்ன வயசுல அந்தத் தோல் மூட்ட மேல படுத்துட்டே போவேன். என்கிட்ட வந்து ஊதாங்கறாரு சாரு... கை எப்படிங்க எழுதும்?"

பாலாற்றங்கரை ஊர்களில் தோல் வேலைக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது பாடத்தில் வரும் நிறம் அல்ல. ஊற வைத்த தோல் டிரம்மிலிருந்து வெளியே வரும்போது வெளுத்த ஆகாயம் போல இருக்கும். தோல் ஏற்றிய வண்டி நீலமாகப் போகும். வேலை முடிந்து வரும் அப்பாக்களின் நகக்கண்ணில் அந்த நீலம் இருக்கும். அந்த வகுப்பில் மற்றவர்கள் புத்தகத்தில் படித்ததை எழுதினார்கள். இவர்கள் இருவரும் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே.

பாரதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மழைச் சத்தத்தையும் மீறி, கலகலவென்று, எத்தனையோ நாளாகச் சிரிக்காத சிரிப்பு...

பிறகு நினைவு வந்தது. கை தானாக ஓடி வந்து வாயை மூடியது.

முன்பற்களில் காவிக் கோடுகள். சின்ன வயதில் குடித்து வளர்ந்த போர்வெல் தண்ணீர் போட்டுவிட்டுப் போன கோடுகள். பள்ளிக்கூட குரூப் போட்டோ எதை எடுத்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் பெண் அவள்தான். பத்தாம் வகுப்பில் பள்ளியில் நடந்த முகாமுக்கு வந்த ஒரு பல் டாக்டரம்மா, அவள் வாயைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் சொன்னார். "இது உன் தப்பு இல்லம்மா, தண்ணியோட தப்பு. சரி பண்ணிடலாம்." அன்றைக்கு முடிவு செய்தது. எம்.பி.பி.எஸ். எல்லாம் வேண்டாம். பல் டாக்டர்தான். தன்னைப் போல வாயை மூடிக்கொண்டு வருகிற யாருக்காவது அதே வார்த்தையைத் தானும் சொல்ல வேண்டும்.

அவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு சார்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள் அவசரமாக. "ஆனா ஒண்ணு... இனிமே எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அது எனக்குப் புடிக்காது."

"சரிங்க. சத்தியமா."

ஆம்பூர் பஸ் வந்தது. அதே பஸ்தான் வாணியம்பாடிக்கும் போகிறது என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் கடைசி இருக்கைக்குப் போய்விட்டிருந்தான்.

*

மறுநாள் சாமுவேல் சாரின் மேசை மேல் பாரதி ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தாள். சார் பின்வாங்கினார்.

"என்னம்மா இது? நாத்தம்!"

"வெட் ப்ளூ சார். குரோமியத்துல ஊறின தோலு. அப்பாகிட்ட வெட்டின துண்டு கேட்டு எடுத்துட்டு வந்தேன்."

அப்பா முனிரத்தினம் அதைக் கொடுக்கும்போது நிறைய யோசித்தார். "உங்க சாரு இதப் பாத்ததே இல்லையா? எந்த ஊருக்காரரு?" நாகர்கோவில் என்றதும், "ஓ... கடலு நீலம்தான் தெரியும்போல" என்று மன்னித்துவிட்டார்.

"நான் யாரையும் பாத்து எழுதல சார். இதப் பாத்துதான் எழுதினேன். நவநீதனும் பாத்து எழுதல. அவரும் இதப் பாத்து வளந்தவருதான்."

சார் பேனா முனையால் கவரைத் திறந்தார். ஈரத்துடன் அந்தத் துண்டு கிடந்தது. வெளுத்த நீலம். சந்தேகத்துக்கு இடமில்லாத நீலம்.

அப்போது வாசலில் ஒரு குரல். "சார், உள்ள வரலாமா?"

நவநீதன். கையில் அதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவர்.

சார் அந்தக் கவரைப் பார்த்தார். மேசை மேல் இருந்ததைப் பார்த்தார். "இதையும் சேந்து காப்பி அடிச்சீங்களா மக்கா?"

கூரை பிய்ந்துவிடும்படி வகுப்பே சிரித்தது. ஜோயா பெஞ்சையே தட்டினாள்.

சார் இரண்டு துண்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அன்றைய பாடத்தை மூடிவிட்டு அதையே பாடமாக்கினார். சுற்றி வெறும் தண்ணீர் மூலக்கூறுகள் மட்டும் இருந்தால் அயனி ஊதா. உப்பும் தோலின் புரதமும் வந்து பிடித்துக்கொண்டால் அதே குரோமியத்தின் நிறம் வேறு. "யாரோட சேருதுங்கிறதைப் பொறுத்து நிறம் மாறும். புரியுதா? பரீட்சையில தண்ணின்னு கேட்டா ஊதான்னு எழுதுங்க. ஊருக்குப் போய் நீலம்னு சொல்லிக்கோங்க." கடைசியில் நவநீதனைப் பார்த்து, "நீ செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னது மட்டும் தப்பு. உக்காரு" என்றார்.

இருந்த ஒரே காலி இடம் பாரதிக்குப் பக்கத்து பெஞ்சுதான். ஜோயா காதருகே முனகினாள். "யாரோட சேருதுங்கிறதப் பொறுத்து நிறம் மாறுமாம்... ஒன் முகம் இப்போ இன்னா கலர் தெரியுமாடி?"

*

அதற்கு அப்புறம் எல்லாம் பஸ்ஸில்தான் நடந்தது.

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா வரை அவள் அவனுக்கு உயிரியல் கேள்வி கேட்பாள். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை அவன் அவளுக்கு இயற்பியலும் வேதியியலும் கேட்பான். அவனுக்கு உயிரியல் என்றால் பேஜார். அவளுக்குக் குழி ஆடி, குவி ஆடி என்றாலே தலை சுற்றும்.

"பல் டாக்டரு வாய்க்குள்ள விடுற கண்ணாடி, பெருசாக்கிக் காட்டணும்னா எது வேணும்?"

"குவி..."

"உங்க மொத பேஷன்ட்டு ஓடிப் போய்ட்டாரு."

"குழி! குழி!"

"திரும்பி வந்துட்டாரு. ஆனா பல்லு தப்பா புடுங்கிட்டீங்கன்னு சொல்றாரு."

அவள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். அவன் ஒருநாளும், ஏன் மறைக்கிறீங்க என்று கேட்டதில்லை. எல்லோரும் டாக்டருக்குத்தானே படிக்கிறார்கள், நீங்கள் ஏன் பல்லுக்கு என்று மட்டும் ஒருமுறை கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அதோடு விட்டுவிட்டான். விட்டுவிட்டானே என்று அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது... கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஜோயா சில நாள் இவர்களோடு வருவாள். முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பாமலே பேசுவாள். "கண்டக்டர் அண்ணே, பின்னாடி ரெண்டு பேரு டிக்கெட் எடுத்துட்டாங்களா பாருங்க. எங்க போறோம்னே அவங்களுக்குத் தெரியாது."

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறிய ஒரு மாலை. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய கேள்விப் புத்தகம் ஒன்றை நவநீதன் கொண்டுவந்திருந்தான். மாதனூர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"குடிதண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தியா இருந்தா இன்னா ஆகும்?"

பாரதி புத்தகத்தை மூடினாள்.

"இன்னாங்க, இது ஈஸிதானே? பற்களில் பழுப்புத் திட்டுகள் தோன்றும். உங்களுக்குத் தெரியாததா இது?"

உங்களுக்குத் தெரியாததா...

அவள் காதில் அந்த இரண்டு சொல்லும் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகளின் கேலி விழுந்த அதே மாதிரி. ஆக, அவன் பார்த்திருக்கிறான். இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். இன்றைக்குச் சொல்லிவிட்டான்.

புத்தகத்தைப் பையில் போட்டாள். எழுந்தாள். "அண்ணே, எறங்கணும்."

"ஆம்பூர் இன்னும் வரலையேங்க..."

மாதனூரில் இறங்கிவிட்டாள். பஸ் நகரும்போது ஜன்னலில் அவன் முகம். முதலில் குழப்பம்... பிறகு கையில் இருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தான். அப்புறம் அந்த முகம் அப்படியே விழுந்ததை அவள் பார்க்கவில்லை. தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஒரு பஸ் முன்னதாகக் கிளம்பினாள். வகுப்பில் ஜோயாவின் அந்தப் பக்கம் இடம் மாறினாள். ஒருமுறை படிக்கட்டில் நின்று அவன், "பாரதி, நான் அத..." என்று தொடங்கினான். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று இறங்கிவிட்டாள்.

"சோறு தின்னியா, கோவத்தையே தின்னுட்டு வந்தியா?" என்றாள் ஜோயா. "அந்தத் தோஸ்த்து மூஞ்சிய பாருடி. டிரம்முல போட்டு எடுத்த தோலு மாதிரி இருக்கான்."

"நீ படி."

"நான் படிக்கிறேன். நீதான் ஒரே பக்கத்த அரை மணி நேரமா பாத்துட்டிருக்க."

உண்மைதான். குழி ஆடி பாடம் வந்தால் ஓடிப்போன பேஷன்ட் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்த் திரும்பி வந்தவன், மறுபடியும் ஓடிப் போய்விட்டான்... இல்லை, துரத்தியது அவள்தான். அதை நினைக்கக் கூடாது என்று கூடுதலாகப் படித்தாள். அந்த வகையில் அந்தக் கோபத்தால் ஒரு நன்மை. இயற்பியலில் அவள் மார்க் ஏறிக்கொண்டே போனது.

*

தேர்வு மே மாத ஞாயிற்றுக்கிழமை, வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். மதிய வெயில் தரையைத் தோசைக்கல் ஆக்கியிருந்தது. அம்மா ஜெயம்மாள் கூட வந்திருந்தாள். பாரதி பெண்கள் வரிசையில் நின்றாள். ஒரு கையில் ஹால் டிக்கெட்டும் போட்டோவும். இன்னொரு கையில் லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில்.

ஆண்கள் வரிசையில் ஏதோ சத்தம்.

"ஷூ போட்டுட்டு உள்ள போகக் கூடாது தம்பி. செருப்பு மட்டும்தான். படிக்கலையா?"

நவநீதன். காலில் பளபளக்கும் கறுப்பு ஷூ. பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று அவன் அப்பா லோடு இறக்குகிற ஃபேக்டரியில் சொல்லி வாங்கிக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. தோல் ஊர்க்காரனுக்கு, பெரிய நாள் என்றால் ஷூ. அது இந்த ஒரு வாசலில் மட்டும் செல்லாது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அவன் ஷூவைக் கழற்றினான். வெறுங்காலைத் தரையில் வைத்தான். உடனே தூக்கினான். அடுத்த காலை வைத்தான். அதையும் தூக்கினான்.

"தம்பி, இங்க வா." வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பாரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா! அவன் யார் என்றே தெரியாமல், தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா, இதப் போட்டுக்க."

"ஆன்ட்டி... இது லேடீஸ் செருப்பு..."

"காலா பரீட்ச எழுதப் போகுது? போடு, போடு. ஷூவ இப்படிக் குடு, நான் வெச்சிருக்கேன்." வாங்கியவள் பழக்க தோஷத்தில் புரட்டிப் பார்த்தாள். "இன்னா தையலு இது, கோணலா ஓடுது? எங்க லைன்ல இப்படி வந்தா சூப்பர்வைசர் கிழிச்சுடுவா."

நவநீதன் செருப்பை மாட்டினான். ரோஜா நிறம். வாரின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூ. குதிகால் பாதி வெளியே. அந்த நிலையில் அவன் ஒரு ராஜா மாதிரி நிமிர்ந்து, மிகவும் கவனமாக, சோதனை மேசையை நோக்கி நடந்தான்...

பாரதிக்குச் சிரிப்பு பீறிட்டது. கையைத் தூக்கினாள். கை காலியாக இல்லை. ஒன்றில் ஹால் டிக்கெட், ஒன்றில் பாட்டில். சிரிப்பு மறைக்க ஆளில்லாமல் வெளியே வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், அத்தனை வெயிலில்.

அவன் திரும்பிப் பார்த்தான். நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் மேல் மோதினான்.

தேர்வில் குரோமியம் வரவே இல்லை. குழி ஆடி வந்தது. அவள் சரியாக எழுதினாள்.

*

மாலை வெளியே வந்தபோது அவன் வேலியோரம் நின்றிருந்தான். செருப்பைக் குழாயில் கழுவி, பூவைக்கூடத் துடைத்து, கையில் வைத்திருந்தான்.

"உங்கம்மான்னு இப்பதான் தெரியும்" என்றான். "ஷூ தையல்ல எங்கெங்க தப்புன்னு ஒரு பாடமே நடத்திட்டாங்க. கரும்பு ஜூஸ் வாங்கப் போயிருக்காங்க. எனக்கும் சேத்து."

பாரதி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பஸ்ஸுல... அந்தக் கேள்வி..." அவன் தயங்கினான். "புக்குல இருந்ததப் படிச்சேன். உங்களுக்கு பயாலஜி, கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியுமேன்னுதான் 'தெரியாததா'ன்னு சொன்னேன். பஸ்ஸு கிளம்பினப்புறம்தான் இன்னா சொல்லித் தொலைச்சேன்னே எனக்குப் புரிஞ்சுது. வாணியம்பாடி வரைக்கும் நான் பட்ட பாடு..."

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்வீங்களா?"

"கேளுங்க."

"அன்னைக்கு டீக்கடையில நான் சிரிச்சப்போ... பல்லுல கறை தெரிஞ்சுதா?"

அந்த அவசரமில்லாத கண்கள் அவளை விட்டு நகரவில்லை.

"தெரிஞ்சுது" என்றான். "இன்னைக்கும் தெரிஞ்சுது. தெரியலன்னு சொல்லலாம். ஆனா உங்களுக்காக இனிமே பொய் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். கறை தெரிஞ்சுது. சிரிப்பு அதவிட நல்லா தெரிஞ்சுது. அந்தச் சிரிப்ப இன்னொரு தடவ பாத்துடணும்னுதான் இத்தன மாசமா என் பஸ்ஸ விட்டுட்டு உங்க பஸ்ஸுல ஏறினேன். எனக்கு வாணியம்பாடிக்கு நேரா போற பஸ்ஸு அதுக்கு முன்னாடியே இருக்கு. அதுல சீட்டும் கிடைக்கும்."

கறை தெரியவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் பாரதி வெறுத்திருப்பாள். அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு பாரதி. இதுக்கு நீங்க இப்பவே..."

"ரிசல்ட் வரட்டும்."

"பாஸானா ஒரு பதிலு, ஃபெயிலானா ஒரு பதிலா?"

"ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா ரிசல்ட்டுக்கு அப்புறம்தான்."

அம்மா மூன்று கிளாஸ் ஜூஸோடு வந்துவிட்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே கிளாஸா ரெண்டு பேரும்? அத மொதல்ல சொல்றதில்ல?" என்றவள், வேறு ஏதோ சொல்ல வந்து, ஜூஸைக் குடித்துவிட்டாள்.

*

ரிசல்ட் வந்த அன்று வேலூரில் கோடை மழை. சாமுவேல் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து பாரதியின் மார்க்கைப் பார்த்தார். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் பல் மருத்துவ சீட்டுக்கு இது போதும், போதும் என்று இரண்டு முறை சொன்னார். அப்பாவிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் டிரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி பாப்பா... வரும்போது அம்மாவுக்கு ஒரு செருப்பு வாங்கிட்டு வா. அந்தப் பூ போட்டது பிஞ்சு போச்சாம்" என்றார்.

நவநீதனுக்குச் சில மார்க் குறைந்துவிட்டது. டீக்கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் வாடியிருந்தாலும், அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"வாழ்த்துகள் டாக்டரம்மா. நான் இன்னொரு தடவ எழுதப் போறேன். எல்லாம் உயிரியல் செஞ்ச வேல. பள்ளிகொண்டா வரைக்கும் கேள்வி கேட்க ஆளில்லாம போச்சு."

"லீவுக்கு வரும்போதெல்லாம் கேக்கறேன்."

அவன் நிமிர்ந்தான். "ரிசல்ட் வந்துடுச்சு."

"வந்துடுச்சு."

"பதில்?"

"ஆப்ஷன் குடுக்காம எப்படிங்க எழுதறது?"

அவன் சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் நான்கு வட்டம் போட்டான். சத்தமாகப் படித்தான். "ஒண்ணு, புடிக்கல. ரெண்டு, யோசிக்கணும். மூணு, புடிச்சிருக்கு. நாலு... ரொம்ப நாளாவே புடிச்சிருக்கு. தப்பா எழுதினா மார்க் போகும். ஒரு தடவ கறுப்பாக்கினா அழிக்க முடியாது."

"தெரியும். நான் ரெண்டு தடவ எழுதினவ."

பேனாவை வாங்கினாள். டீக்கடைப் பலகையில் டிக்கெட்டை வைத்து, குனிந்து, வட்டத்துக்குள் பொறுமையாக, கோட்டைத் தாண்டாமல், பரீட்சை எழுதுகிற அதே சிரத்தையோடு நிரப்பினாள். மடித்து அவன் கையில் வைத்தாள். ஆம்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓடிப் போய் ஏறிவிட்டாள்.

அவன் மழையில் நின்றபடி பிரித்தான்.

நான்காவது.

தலை நிமிர்ந்தபோது பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் அவள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டே கத்தினாள்.

"டேய் நவநீதா... இன்னா பாத்துட்டு நிக்கிற? இது உன் ஊருக்கும்தான்டா போகுது. ஏறு!"